பறவையைத் தேடும் முன் நிலத்துக்காரரைத் தேடுங்கள்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு அரிய பறவை ஒன்று வந்தால் எங்கே இறங்கும்? காப்புக்காட்டில்தான் இறங்கும் என்பதில்லை. ஏற்காடும் கொல்லிமலையும் போதமலையும் சுற்றி நின்றாலும், நடுவில் கிடப்பதெல்லாம் மரவள்ளிக்காடு, கடலைக்காடு (இந்தப் பக்கம் விளைநிலத்துக்கும் காடு என்றே பெயர்), தென்னந்தோப்பு, பாக்குத்தோப்பு, கரடு (சிறு குன்று), ஏரி. ஏரியையும் புறம்போக்கையும் கழித்தால் மிச்சத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய பட்டா நிலம்.

அதனால் இங்கே பறவை பார்க்கக் கிளம்புகிறவர், என்றைக்காவது ஒருநாள் இன்னொருவர் வரப்பில் நின்றே ஆக வேண்டும். அப்படி நிற்கும்போது என்ன செய்யலாம், என்ன கூடாது? புதிதாகப் பைனாகுலர் வாங்கியவருக்கும் புரியும்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'அரிய பறவை' என்றால் எது?

இரண்டு வகை உண்டு. ஒன்று, உலகத்திலேயே குறைவாக இருப்பது. மஞ்சள்தொண்டைச் சின்னான் அப்படிப்பட்டது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. ஏற்காடு மலைப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் உண்டு.

இன்னொன்று, வேறு இடங்களில் இருந்தாலும் நம் ஊரில் எப்போதாவது கண்ணில் படுவது. ஆறுமணிக்குருவி நல்ல உதாரணம். பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால், தரையில் சருகைப் புரட்டிப் புழு தின்னும் பழக்கம். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே வருகிறது; இலங்கை வரைக்கும் போகிறது. வழியில் களைத்துப்போய் யாருடைய கொல்லைப்புறத்திலாவது, மாட்டுக்கொட்டகை ஓரத்திலாவது இறங்கிவிடும். செய்தி கிடைத்ததும் கேமராவோடு ஆட்கள் கிளம்புவார்கள். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

ஏரிக்கரை பொது இடம்தானே, யாரைக் கேட்க வேண்டும்?

ஏரி பொதுச் சொத்து. ஆனால் அதற்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆயக்கட்டு (ஏரித்தண்ணீர் பாயும் நிலப்பரப்பு) நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். பனமரத்துப்பட்டி ஏரி போலச் சில ஏரிகள் மாநகராட்சியைச் சேர்ந்தவை. கரையில் நடந்து பறவை பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை.

ஆனால் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் இருப்பார். அவர் வைத்த காவல்காரருக்கு, விடியற்காலையில் கரையோரம் குனிந்து குனிந்து நடக்கும் புது முகமெல்லாம் மீன் திருட வந்தவராகத்தான் தெரியும். போனதும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்தப் பறவை எந்த மூலையில் மேய்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

ஏரியை விட்டுக் கீழே இறங்கினால் கதை வேறு. கரைக்கு அடுத்த வயல், அதற்குப் போகும் வண்டித்தடம் இரண்டும் பட்டாவாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சர்வே எண் தெரிந்தால், அது பட்டாவா புறம்போக்கா என்று தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேலி இல்லாத காட்டில் சும்மா நடந்தால் குற்றமா?

வெறுமனே கால் வைத்ததற்காகவே யாரும் சிறைக்குப் போவதில்லை. குற்றம் செய்யவோ, நிலத்தை அனுபவித்து வருபவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்தால்தான் அது அத்துமீறல் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் (2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம்) 329ஆவது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். முறையாக உள்ளே போனவரும், அதே கெட்ட எண்ணத்தோடு அங்கேயே நின்றால் இந்தப் பிரிவுக்குள் வருவார். 'வெளியே போங்க' என்று நிலத்துக்காரர் சொன்ன பிறகு நின்று வாதாடுவது உங்களுக்கு ஆபத்து.

ஆனால் சட்டம் வரும் முன்பே நடந்துவிடுவது வேறு. ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டால் அந்தத் தோட்டத்துக் கதவு பின்னால் வரும் எல்லோருக்கும் சாத்தப்படும். சில நேரம், கூட்டம் வராமல் இருக்கட்டும் என்று பறவை தங்கியிருந்த புதரையே வெட்டி எரித்துவிடுவார்கள்.

எப்படிக் கேட்பது?

சுற்றி வளைக்காமல் கேளுங்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, கேமராவைத் தோளில் தொங்கவிட்டு, கையை வெறுமையாக வைத்துக்கொண்டு போங்கள். "அண்ணா, வணக்கமுங்க. சேலத்துல இருந்து வர்றோம். பறவை பாக்கறவங்க. உங்க காட்டு வரப்புல அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுப் போயிடறோம். போலாங்களா?" இதற்கு மேல் வேண்டாம்.

'எந்தப் பறவை, அதிலே என்ன இருக்குது?' என்று நிச்சயம் கேட்பார். பைனாகுலரை அவர் கையில் கொடுங்கள். தினமும் பக்கத்தில் பார்க்கும் மைனாவைக் காட்டினாலே போதும். சந்தேகத்தோடு நின்றவர் பெரும்பாலும் அதற்குப் பிறகு உங்களோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிடுவார்.

நிலத்துக்காரர் இல்லை, வேலையாள்தான் இருக்கிறார் என்றால்?

அவரிடம் அனுமதி கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். 'போங்க சார்' என்று அவர் சொல்லிவிடுவார். மாலையில் ஏச்சு வாங்குவதும் அவர்தான். நிலத்துக்காரரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு அவரிடமே பேசுங்கள். கிடைக்கவில்லையா, பொதுச் சாலையில் நின்று தெரிந்த வரைக்கும் பாருங்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டால்? நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். காரணம் கேட்க வேண்டாம். பங்காளித் தகராறு இருக்கலாம், வீட்டில் துக்கம் இருக்கலாம். அதைச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

அனுமதி கிடைத்துவிட்டது. உள்ளே எதைப் பார்த்து நடக்க வேண்டும்?

முதலில் உங்கள் உயிரைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓர் அடிகூட நடக்காதீர்கள். நின்று பாருங்கள், இறக்குங்கள், பிறகு நடங்கள்.

மலையடிவாரக் காடுகளில் காட்டுப்பன்றிக்காக மின்வேலி போட்டிருப்பார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்த பிறகும், திருட்டுத்தனமாக இழுத்த கம்பிகளால் சாவு நடக்கத்தான் செய்கிறது. இருட்டு பிரியும் முன் முன்பின் தெரியாத காட்டுக்குள் போகாதீர்கள். தரையோரம் எந்தக் கம்பியைக் கண்டாலும் மின்சாரம் ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிலத்துக்காரருடைய உழைப்பைப் பாருங்கள். வரப்பிலேயே நடங்கள். சொட்டுநீர்க் குழாயை மிதிக்காதீர்கள். விரிசல் விட்டால் அந்த வரிசையே காயும். கிளுவை வேலியைப் பிளந்துகொண்டு நுழையாதீர்கள். படலைத் திறந்தால் பழையபடி சாத்துங்கள். நீங்கள் திறந்து போட்ட படல் வழியே பக்கத்துக்காட்டு ஆடு நுழைந்து சோளத்தை மேய்ந்தால் உங்கள் பறவைதான் திட்டு வாங்கும். பரமத்திவேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு போவதில்லை, நீங்களும் கழற்றிவிடுங்கள்.

வண்டியை எங்கே விடுவது? தடத்தில் விடாதீர்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வரும் டிராக்டரும் காலையில் பால் எடுக்க வரும் வண்டியும் அந்த ஒரே வழியில்தான் போயாக வேண்டும்.

கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் பறவை இருந்தால்?

நாமக்கல்லில் இது முக்கியமான கேள்வி, வெளியூர்க்காரர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. நீர்ப்பறவைகளின் எச்சத்தில் பறவைக் காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. ஏரிச்சேற்றில் நின்ற காலணியோடு பண்ணைக்குள் நுழைந்தால் அந்தக் கிருமியை நீங்களே சுமந்துபோய்ச் சேர்க்கக்கூடும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, பண்ணைக் கோழிகளை லட்சக்கணக்கில் அழிக்க வேண்டிவந்தது. முட்டையை நம்பி வாழும் மாவட்டத்தில் அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் பண்ணை வாசலில் வண்டிச் சக்கரத்துக்கும் காலுக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஏரிக்குப் போன அன்று பண்ணை வளாகத்துக்குள் நுழையாதீர்கள். அனுமதி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலணியையும் முக்காலியின் (கேமரா நிறுத்தும் மூன்று கால் தாங்கி) அடியையும் சேறு போகக் கழுவுங்கள். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கேமராவை எந்தப் பக்கம் திருப்பலாம்?

வீட்டுப் பக்கம் கூடாது. களை எடுக்கும் பெண்கள் பக்கம் கூடாது. மோட்டார் ஓடும் தொட்டியிலும் வாய்க்காலிலும் ஆட்கள் குளிப்பார்கள். பறவை அந்தத் திசையில் பறந்தால் லென்ஸைக் கீழே இறக்கிவிடுங்கள். நீங்கள் பறவையை எடுத்தீர்களா வேறு எதையாவது எடுத்தீர்களா என்று தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. டிரோன் வேண்டவே வேண்டாம். அது பறவையையும் விரட்டும், ஊரையும் கூட்டும்.

பறவையிடம் எவ்வளவு தூரம் நெருங்கலாம்?

இத்தனை அடி என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், அது உங்களைக் கவனித்துவிட்டது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்தால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். அப்படியே இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு இரை தேடும் நேரம்தான் உயிர். நீங்கள் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அடுத்த பயணத்துக்குச் சேர்த்த சக்தியை அது இழக்கிறது.

தரையில் முட்டையிடும் பறவைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆள்காட்டி தரிசுக் காட்டில் சிறு கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். அது உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் அசையாமல் நில்லுங்கள். காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். சித்திரை வெயிலில் முட்டை சுட்டுவிடாமல் இருக்க, அது வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டை மேல் உட்காரும். நீங்கள் படம் எடுக்கும் நேரமெல்லாம் அந்த முட்டை வெயிலில் கிடக்கிறது, காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கூட்டைப் படம் எடுத்தால் என்ன தப்பு?

சட்டப்படியே தப்பாகலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும். மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுப்பது, கூட்டைப் பிடித்துத் திருப்புவது எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கலாமா? கூடாது. எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடிவரும். இரவில் ஆந்தை, பக்கி முகத்தில் டார்ச் அடிப்பதும் அப்படித்தான். சிறிது நேரம் அதற்குக் கண் தெரியாது.

பார்த்த பறவையைப் பற்றி எல்லோருக்கும் சொல்லலாமா?

சொல்லலாம். எங்கே என்பதைத்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். 1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் லார்க்ஃபீல்ட் என்ற ஊரின் சூப்பர்மார்க்கெட் பக்கம் அமெரிக்கச் சிறு குருவி ஒன்று வழி தவறி வந்து சேர்ந்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் அந்தக் குடியிருப்புத் தெருக்களில் வந்து குவிந்தார்கள். அப்போது கைப்பேசிகூடப் பரவலாக இல்லை. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அங்கே தார்ச்சாலை இருந்தது. இங்கே இருப்பது ஒருவர் நடக்கும் வரப்பு.

ஆகவே நிலத்துக்காரர் சம்மதித்தால் மட்டும் இடத்தைச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் 'ராசிபுரம் வட்டம்' என்பதோடு நிறுத்துங்கள். படத்தோடு இருப்பிடக் குறிப்பு (கைப்பேசி தானாகப் பதியும் இட அடையாளம்) போகாமல் அணைத்துவிடுங்கள். பின்னணியில் கோயில் கோபுரமோ பெயர்ப்பலகையோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

ஈபேர்ட் (பறவைப் பட்டியல்களைச் சேமிக்கும் இணையதளம், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது) பயன்படுத்துகிறீர்களா? ஆபத்தில் உள்ள சில இனங்களின் துல்லிய இடத்தை அதுவே மறைத்துவிடும். மற்றவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. தோட்டத்தின் பெயரையோ நிலத்துக்காரர் பெயரையோ இடப்பெயராகப் போடாதீர்கள். பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் வசதியும் உண்டு; பறவை போன பிறகு திறந்துவிடலாம். பதிவு வீணாகாது.

கரட்டில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தால் யாருக்குமே இடம் சொல்லாதீர்கள். டிராஃபிக் (வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) 2010இல் வெளியிட்ட அறிக்கை, மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் நாடெங்கும் பிடித்து விற்கப்படுவதை விரிவாகச் சொன்னது. உங்கள் படத்தை ரசிப்பவர்கள் மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

'பறவை இருக்குன்னு தெரிஞ்சா நிலத்தைச் சரணாலயம்னு எடுத்துக்குவாங்களா?'

நிலத்துக்காரர் மனத்தில் இருக்கும் பெரிய பயம் இதுதான். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பறவை வந்து உட்கார்ந்ததால் பட்டா நிலம் சரணாலயம் ஆகிவிடாது. அதற்கு அரசு அறிவிக்கை வேண்டும். மாவட்ட ஆட்சியர் அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும்.

சொந்த நிலத்தில் பறவையும் விவசாயியும் சேர்ந்து வாழ்ந்த ஊர்களும் உண்டு என்று சொல்லுங்கள். கர்நாடகத்தில் மத்தூர் பக்கம் கொக்கரேபெல்லூரில், ஊர்க்காரர்களின் சொந்தப் புளியமரங்களில்தான் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களின் பலனை எடுக்காமல் விடுவதற்காக மர உரிமையாளர்களுக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்துவந்தது. நம் வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து ஊர் மக்களே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்புப் பத்திரம் வாங்கினார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பணம் கொடுக்கலாமா?

வேண்டாம். இன்றைக்கு நீங்கள் கொடுத்தால் நாளைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்பார்கள். பறவையைப் பிடித்து வைத்துக் காட்டும் நிலைகூட வரலாம். அவர் தோட்டத்து இளநீரையோ காயையோ விலை கொடுத்து வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது பறவையின் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், பிறகு அந்தப் பறவைக்குக் காவல் அவர்தான்.

அரிய பறவை உங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டால்?

யாரை விடுவது, எத்தனை பேரை விடுவது என்று முடிவு செய்வது நீங்கள்தான். தெரிந்த பறவை ஆர்வலர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் நான்கைந்து பேர், இன்ன இடம் வரைக்கும், இத்தனை மணி வரைக்கும் என்று கறாராகச் சொல்லுங்கள்.

ஆறுமணிக்குருவி மாதிரி ஏதாவது களைத்துப்போய் வீட்டுக்குள் வந்து விழுந்தால், காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான மூலையில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பூனை வளர்த்தால் அன்றைக்குக் கட்டிப் போடுங்கள்.

பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு வேண்டுமா? ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அனுபவம் உள்ளவர்களோடு சேர்ந்து போனால் இந்த மரியாதையெல்லாம் தானாகக் கைவந்துவிடும்.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் நிலத்துக்காரரின் சம்மதம், அடுத்து பறவையின் நிம்மதி, கடைசியில் உங்கள் படம். முதல் இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். நீங்கள் பார்க்காமல் விட்ட பறவையால் யாருக்கும் நஷ்டமில்லை.